குசினிக் கிடுகில் இருந்த குளிசைகள்

என் மனைவி பரமேஸ்வரி தனக்குத் தரப்பட்ட குளிசைகளை விழுங்காமல் ஒளித்து வைக்கிறாள் என்பது எனக்கு ஏழு கிழமையாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அவள் மறுபடியும் நோயில் விழுந்ததற்கும், வவுனியா ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்குக் கிட்டக் கிடந்ததற்கும் அந்த மௌனம்தான் காரணம். பத்து வருடம் கழித்து இதை எழுதுகிறேன். அவள் இப்போது நலமாக இருக்கிறாள். எழுதச் சொன்னதும் அவள்தான். "இதே குளிசை போடுற வேற ஆக்களுக்கு உதவும். உங்கட பிழையையும் சேத்து எழுதுங்கோ" என்றாள். சேர்த்தே எழுதுகிறேன்.

அப்போது நான் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஸ்கந்தபுரத்தில் அரசாங்க நெல் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தேன்; ஊரார் ஸ்ரோர் ஐயா என்பார்கள். எங்கள் ஒரே மகள் சாந்தி முள்ளியவளையில் கலியாணம் செய்து இருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். பரமேஸுக்கு நாற்பத்தாறு வயதில் நோய் தொடங்கியது. முதலில் நித்திரை போனது. பிறகு வாய்க்கால் கரையில் இரண்டு பேர் நின்று தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றாள். நான் போய்ப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. இல்லை என்று சொன்னதற்கு, நானும் அவர்களோடு சேர்ந்துவிட்டேன் என்று அழுதாள்.

வவுனியாவில் மனநோய்க்கென்று ஒரு டொக்டர் மாதத்தில் குறித்த நாட்களில் கிளினிக் வைத்துப் பார்த்தார். மனச்சிதைவு என்றார். பயங்கரமான சொல்லாக இருக்கிறதே என்றேன். "சொல்லை விடுங்கோ. மூளை தானே ஒரு குரலை உண்டாக்குது. காதாலை கேட்ட குரல் எண்டு அதுவே நம்புது. குளிசை அந்தக் குரலைத் தாழ்த்தும்" என்று விளங்கப்படுத்தினார். தாழ்த்தியது. மூன்றாம் கிழமை குசினியில் அரிசி களைந்துகொண்டு நின்றவள், "வாய்க்கால் பக்கம் இப்ப ஒருத்தரும் இல்லைப் போல" என்றாள். நான் வெளியே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் என் அறிவீனம்.

பலமான குளிசை உடம்பில் சூட்டை ஏற்றும், அந்தச் சூட்டைச் சாப்பாட்டால் அடக்காவிட்டால் ஈரலைத் தின்றுவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவார்கள். படித்தவன் என்று பெயர் எடுத்த நானும் நம்பினேன். வயதுக்கு வந்து சாமத்தியப்பட்ட பெண்ணுக்குக் கொடுப்பதுபோல, காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தேன். கிழமையில் மூன்று நாள் உழுத்தங்களி. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும் பலகாரத்தோடு வந்தார்கள். குளிசையால் அவளுக்கு வாய் வறண்டது. வறளும்போதெல்லாம் தேத்தண்ணீர் குடித்தாள். சீனி கூடாதென்று யாரோ சொன்னதால் பனங்கட்டியைக் கடித்துக் குடித்தாள். அதோடு, அதுவரை அவளுக்கு இல்லாத ஒரு பசியும் வந்தது. சோறு தின்று கைகழுவி அரை மணியில், "இஞ்சாருங்கோ, எனக்கு வயிறு வெறுமையாக் கிடக்கு" என்பாள். நான் சந்தோசமாக மறுபடியும் போட்டுக் கொடுத்தேன். நோயாளி சாப்பிட்டால் நோய் ஓடுகிறது என்பதுதான் என் கணக்கு.

எட்டு மாதத்தில் அவளுடைய சட்டைகள் ஒன்றும் அளவாக இல்லை. படியேற மூச்சு வாங்கியது. அந்த நேரத்தில்தான் எனக்கு வெட்கம் வரத் தொடங்கியது. கோயிலுக்குப் போகும்போது இரண்டு அடி முன்னால் நடந்தேன். இதை எழுதாமல் விடத்தான் பார்த்தேன். ஆனால் அது நடந்தது.

களஞ்சியத்தில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. புசல் அளவை போய்க் கிலோ வந்த காலம்; புதிதாக வந்த தராசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரம் பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஏறும், பாப்பம்."

"நெல்லு நிறுக்கிறதிலையோ?"

"தராசுக்கு என்ன தெரியும், நெல்லோ ஆளோ எண்டு. ஏறும்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அறுபத்தெட்டு கிலோ. கலியாணம் கட்டிய காலத்தில் இருந்து ஐம்பதைத் தாண்டாத உடம்பு. நான் அந்த எண்ணை உரக்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, முதல்நாள் விட்டுப்போன சாக்குகளை எடுக்க வந்த கந்தையா வாசலில் நின்றான். எங்களுக்கு நெல் கொண்டுவரும் கமக்காரன். கெட்டவன் இல்லை, வாய்தான் சும்மா இராது.

"ஸ்ரோர் ஐயா, ஈரம் கழிச்சுப் போட்டோ சொல்லுறியள்?"

ஈரநெல் கொண்டுவந்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று நாங்கள் நிறையில் கழிப்போம். அதை வைத்துச் சொன்னான். நான் சிரித்தேன். அவள் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போனாள். அந்தக் கிழமைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அவள் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போவதை நிறுத்தினாள். கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினாள்.

அதற்குக் கொஞ்ச நாளில், குசினிக் கூரையில் ஒழுக்குப் பார்க்கக் கையை விட்டபோது, ஓலைக் கிடுகுக்கும் கூரை மரத்துக்கும் இடையில் ஒரு கடதாசிச் சுருள் அகப்பட்டது. பிரித்தால் குளிசைகள், நனைந்து காய்ந்தபடி. வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் வைத்திருந்து, என் முகம் திரும்பியதும் எடுத்திருக்கிறாள்.

சுருளை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் அவள் மெலியத் தொடங்கியிருந்தாள். பசி அடங்கியது, முகம் பழைய முகமாயிற்று, நடையில் உசார் வந்தது. குரல்களும் வரவில்லை. நோய் மாறிவிட்டதாக்கும், இனிக் குளிசை எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பழைய பரமேஸ் திரும்பிக் கிடைத்திருந்தாள். அவளை இழக்க விருப்பமில்லை. சாந்தி ஒருமுறை வந்தபோது, "அம்மா, நல்லா மெலிஞ்சிட்டியள், வடிவாக் கிடக்கு" என்றாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

குளிசை நின்ற உடனே நோய் வராது என்பதை டொக்டர் பின்னால்தான் சொன்னார். மருந்து உடம்பில் கொஞ்சக் காலம் தங்கி நிற்கும். அந்தக் காலத்தில் ஆள் முன்னையைவிட நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அதுதான் ஏமாற்றும் காலம்.

சுருளைக் கண்டு ஏழாம் கிழமை, அறுவடை நேரம். களஞ்சிய வாசலில் மாட்டுவண்டியும் டிராக்டருமாக வரிசை நின்றது. பரமேஸ் தலை விரித்தபடி உள்ளே வந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் நடந்து, மேடைத் தராசில் ஏறி நின்றாள்.

"எவ்வளவு கழிக்கப் போறியள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "அவை வாய்க்காலடியில நிண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம். சொல்லுங்கோ, எவ்வளவு கழிக்கப் போறியள்?"

அவ்வளவு சனத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கந்தையா தன் டிராக்டரில் இருந்த மூட்டைகளை நிலத்தில் இறக்கிப் போட்டுவிட்டு, "அக்கா, வாங்கோ, ஏறுங்கோ" என்று கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். அந்த டிராக்டரில்தான் கிளிநொச்சிக்குப் போனோம். அங்கிருந்து ஆஸ்பத்திரி வண்டியில் வவுனியாவுக்கு.

அனுமதிக்கும்போது டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "குளிசை ஒழுங்காப் போட்டவவோ?"

"ஓம் டொக்டர்" என்றேன். "நான்தான் கையில குடுக்கிறனான்."

இரண்டாவது வசனம் பொய்யல்ல. அதனால்தான் அது மோசமான பொய்.

ஒழுங்காகப் போட்டும் நோய் மீறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, டொக்டர் மருந்தைக் கூட்டினார், ஊசியும் போட்டார். ஏழு கிழமையாக மருந்தே படாத உடம்புக்கு அது திடீரென்று விழுந்தது. பெண்கள் வாட்டில் சாந்தி துணைக்கு நின்றாள். பார்வை நேரத்தில்தான் என்னை விடுவார்கள். மற்ற நேரம் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் இருப்பேன். கடைக்கார முஸ்லிம் பெரியவர், காக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், சுடுதண்ணீர்ப் போத்தலை ஒவ்வொரு நேரமும் தானே வாங்கி நிரப்பித் தருவார். "மனிசிக்கு எப்பிடி?" என்று மட்டும் கேட்பார். என்ன நோய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நாலாம் நாள் பின்னேரம் பார்வை நேரத்தில் போனேன். பரமேஸின் கழுத்து ஒரு பக்கம் திருகி நின்றது. கண் மேலே செருகியிருந்தது. நாக்கு தடித்து, வாயைத் திறக்கவும் மூடவும் முடியாமல், என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வெளிக்கிட்டாள், சொல் வரவில்லை. சாந்தி, "மிஸ்ஸி, ஓடி வாங்கோ" என்று கத்தினாள். கனகம்மா மிஸ்ஸி, அந்த வாட்டின் மூத்த தாதி, வந்து பார்த்து ஒரு மாற்று ஊசி போட்டா. அரை மணிக்குள் கழுத்து இளகியது. "பயப்பிடாதையுங்கோ. மருந்து கூடினால் சிலருக்குத் தசை இப்பிடி இறுகும். உயிருக்கு ஒண்டுமில்லை, மாறிப்போம்" என்றா. பிறகு மருந்து எழுதிய தாளைப் பார்த்து, தனக்குள் சொல்வதுபோல, "ஏற்கெனவே போட்டுப் பழகின ஆளுக்கு இப்பிடி வாறது குறைவு" என்றா.

அடுத்த நாள் டொக்டர் என்னையும் சாந்தியையும் விறாந்தைக்குக் கூப்பிட்டார். "ஒழுங்காப் போட்டும் இப்பிடி எண்டால் இந்த மருந்து இவாவுக்குச் சரிவரேல்லை. கொழும்புக்கு அனுப்புவம். அங்க மின்சார வைத்தியம் செய்து பாக்கலாம்."

கொழும்பு. தமிழருக்கு எதிரான எழுபத்தேழு கலவரம் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனால் நான் பயந்தது அதற்கு மட்டுமல்ல. என் பொய்யின் மேல் அவர்கள் இன்னும் எத்தனை மாடி கட்டப் போகிறார்கள் என்று பயந்தேன்.

"டொக்டர், அவ ஏழு கிழமையாக் குளிசை போடேல்லை. கிடுகுக்குள்ள ஒளிச்சு வைச்சவ. நான் கண்டனான். கண்டும் பேசாமல் இருந்தனான்."

டொக்டர் பேனையை மூடினார். "ஏன்?"

"அவ மெலிஞ்சு கொண்டு வந்தவ."

சாந்தி கையில் இருந்த சுடுதண்ணீர்ப் போத்தலை மெல்ல நிலத்தில் வைத்தாள். "நான் வடிவு எண்டு சொன்னனான், அப்பா. நீங்கள் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்" என்றாள். பிறகு வாட்டுக்குள் போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மூன்று நாளும் எனக்குரிய சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காக்காவின் கடையில் கொடுத்துவிட்டாள்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "வந்த அண்டைக்குச் சொல்லியிருந்தால் நேற்று அவாவின்ர கழுத்து திருகியிராது" என்றார். "உடம்பு வைக்கிறது இந்தக் குளிசையில இருக்கிற குறை. எனக்குத் தெரியும். அதை வந்து சொல்லுங்கோ, நேரத்தை மாத்தலாம், அளவைக் குறைக்கலாம், வேற குளிசைக்குப் போகலாம். நீங்களாத் திடீரெண்டு நிப்பாட்ட மட்டும் கூடாது." கொழும்புக் கடிதத்தை எழுதவில்லை. மருந்தை இறக்கி, அடியில் இருந்து தொடங்கினார்.

பத்தாம் நாள்போல அவள் ஊரை நினைத்து என்னிடம், "மழை பெஞ்சதோ அங்க?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இன்னொரு பயம் மீதி இருந்தது. வேகமாக உடம்பு வைத்தவர்களுக்குச் சலரோகம் என்ற நீரிழிவு வரலாம் என்று சிறுநீரைச் சோதித்தார்கள். சோதனை குசினி வேலை மாதிரித்தான்: நீல மருந்துத் தண்ணீரில் சில துளி விட்டுச் சூடாக்குவார்கள். சீனி இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறமாகும். கனகம்மா மிஸ்ஸி குழாயைச் சுவாலையில் பிடித்தபடி நிற்க, நான் கதவடியில் நின்று பார்த்தேன். நீலம் நீலமாகவே நின்றது. "சுவாமிக்கு நன்றி சொல்லுங்கோ" என்றா மிஸ்ஸி. "பிறகு இஞ்ச வந்து இருங்கோ. உங்களை விசாரிக்க வேணும்."

பரமேஸின் கட்டிலடியில் வைத்தே விசாரணை நடந்தது.

"காலமை என்ன குடுக்கிறனீங்கள்?"

"நல்லெண்ணெயும் முட்டையும்."

"ஏன், இவ போன கிழமையோ பெரியபிள்ளை ஆனவ?"

பரமேஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. என்னைப் பார்த்து என்றாலும் பரவாயில்லை.

"தேத்தண்ணி எத்தனை?"

"ஒரு நாளைக்கு ஏழெட்டு வரும்."

"சீனி?"

"சீனி தொடுறேல்லை மிஸ்ஸி. பனங்கட்டிதான்."

"பனங்கட்டி என்ன, பனையில காய்க்கிற மருந்தோ? அதுவும் இனிப்புத்தான் ஐயா." பிறகு குரலைத் தணித்துச் சொன்னா: "குளிசை கொழுப்பைக் கொண்டு வாறதில்லை. பசியைக் கொண்டு வருது, வாயைக் காய வைக்குது, ஆளைச் சோம்பலாக்குது. சோத்தைக் கொண்டு வாறது நீங்கள். பசிச்சால் பட்டினி போடச் சொல்லேல்லை. வயிறு நிறையிற, ஆனால் உடம்பில ஏறாத சாமானைக் குடுங்கோ."

அவ சொன்னவற்றை அப்படியே செய்தோம். குளிசையைப் பகலில் இல்லாமல் படுக்கும் நேரத்துக்கு மாற்றினார் டொக்டர். பகல் சோம்பல் குறைந்தது. வாய் வறண்டால் பச்சைத் தண்ணீர், அல்லது புளிப்புக்குத் தேசிக்காய்த் துண்டு. தேத்தண்ணீர் நாளுக்கு இரண்டு, வெறும் தேத்தண்ணீர். சோறு ஒரு நேரம். கறியில் தேங்காய்ப்பால் பாதி. இரவில் குரக்கன் மா றொட்டியும் கீரையும். முக்கியமானது, அதையே நானும் சாப்பிட வேண்டும். "நீங்கள் முன்னால இருந்து பொரியல் திண்டுகொண்டு, அவாவுக்குக் கீரை எண்டால் அது தண்டனை" என்றா மிஸ்ஸி. வீட்டுக்குப் புறப்பட்ட நாள் காக்காவின் கடையில் சீனி போடாத தேத்தண்ணி இரண்டு கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குமோ? பாவம், நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்றார். பகிடிக்குத்தான் கேட்டார். நான் காசை எடுத்து மேசையில் வைத்தேன்.

நடக்கவும் சொல்லியிருந்தார்கள். என்னோடு நடக்க அவளுக்கு விருப்பமில்லை. காரணத்தை நான் முன்னமே எழுதிவிட்டேன். கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து எங்கள் காணிக்குப் பக்கத்தில் குடியேறிய லெட்சுமிதான் அவளைக் கூட்டிப்போனாள். விடிந்ததும் வாசல் படலையடியில் வந்து நிற்பாள்.

"வாங்கம்மா, கொளத்துக் கட்டு வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

"இண்டைக்குக் கால் நோகுது, லெட்சுமி."

"எனக்கும்தான் நோவுது. கொழுந்துக் கூடையோட மலை ஏறின காலும்மா இது. ஒங்க தட்ட ரோட்டுல நடந்தா தூக்கம் வருது. நீங்க பேசிக்கிட்டு வந்தாத்தான் விழாம இருப்பேன்."

ஊர் பார்க்கும் என்ற பயம் முதல் கிழமையோடு போனது. லெட்சுமியின் கதையில் ஊரைக் கவனிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. நிறையை மாதத்தில் ஒருமுறை கிளினிக்கில் மிஸ்ஸி மட்டும் பார்ப்பா. எண்ணைப் பரமேஸுக்கு மட்டும் சொல்லுவா. எனக்குச் சொல்லக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. மெல்லத்தான் இறங்கியது என்று பரமேஸ் பின்னால் சொன்னாள். சில மாதம் அசையவே இல்லை. ஒரு பொங்கலோடு ஏறியது. பழைய ஐம்பதுக்கு அவள் திரும்பவில்லை. சட்டைகள் மறுபடி அளவாயின, மூச்சு வாங்கவில்லை, குரல்கள் வரவில்லை. அது போதும் என்றார் டொக்டர்.

சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. நான் கண்டது பரமேஸுக்குத் தெரியாது. சாந்தியும் சொல்லவில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் அவள் மிஸ்ஸியிடம், "இவர் கையில தந்து தந்து பாத்தவர். நான்தான் இந்த மனிசனை ஏமாத்திப்போட்டன்" என்று சொல்லுவாள். மிஸ்ஸி தாளில் கண்ணை வைத்துக்கொள்ளுவா. நான் சுவரைப் பார்ப்பேன். என் பாதியையும் சேர்த்து அவள் சுமந்தாள்.

ஒருநாள் கிளினிக்கால் வந்த பஸ்ஸில் அதையே மறுபடி சொன்னாள். மாங்குளம் தாண்டியிருந்தோம்.

"நீர் என்னை ஏமாத்தேல்லை" என்றேன். "எனக்குத் தெரியும். கிடுகில கை விட்டனான். கண்டுபோட்டுத் திரும்ப வைச்சனான்."

"எப்ப?" என்றாள்.

"தொடக்கத்திலேயே."

"ஏன் கேக்கேல்லை?"

"மெலிஞ்ச உம்மைப் பாக்க விருப்பமா இருந்தது."

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் கதைக்கவில்லை. றொட்டி சுட்டாள், கோப்பையை முன்னால் வைத்தாள், லெட்சுமியோடு நடக்கப் போனாள். அந்த இரண்டு நாளும் குளிசை போடுகிறாளோ இல்லையோ என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதி எனக்கு இல்லையென்று இருந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு இருந்தாள்.

"இரண்டு நாளாப் பாத்துக்கொண்டு இருக்கிறியள். கேக்கிறியள் இல்லை."

"என்னெண்டு கேக்கிறது?"

"வாயாலைதான். இனிக் குளிசையை நான் எடுத்துப் போடுவன். நீங்கள் தரவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம், ஒளிஞ்சிருந்து பாக்கவும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு நாளும் என்னைக் கேக்கோணும். கேட்டால் நான் உண்மை சொல்லுவன். மெலிஞ்சாலும் கேக்கோணும், கொழுத்தாலும் கேக்கோணும்."

"சரி."

"அப்ப கேளுங்கோ."

"குளிசை போட்டனீரோ?"

"ஓம். இரண்டு நாளும் போட்டனான். உங்களோட கோவத்துக்கு நான் ஏன் விசர் பிடிச்சுத் திரிய வேணும்?"

அன்று தொடக்கம் கேட்கிறேன். இப்போது சண்டையால் வவுனியாவுக்கு நினைத்தபடி பஸ் இல்லை. வீதி எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் மருந்தை முடிய முன்னமே எடுத்து வைக்கிறோம். இந்தக் குளிசை போடுகிறவர்களின் வீட்டாருக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. உடம்பு வைத்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டை நீங்களும் மாற்றுங்கள். அவர்களைக் கேளுங்கள்.

நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோதும் கேட்டேன்.

"இல்லை" என்றாள் பரமேஸ். "இண்டைக்குப் போட மனமில்லாமல் கிடக்கு."

பேனையை வைத்தேன். "ஏன்?"

"வருசக் கணக்காப் போடுறன். அலுப்பா இருக்கு. சட்டையும் இடுப்பில திரும்ப இறுகுது. உங்களுக்கு விளங்காது."

"விளங்காதுதான். சொல்லும்."

கதிரையை இழுத்து இருந்து, வெகு நேரம் சொன்னாள். குளிசையைத் திட்டினாள், கீரையைத் திட்டினாள், இடையில் என்னையும் திட்டினாள். பிறகு எழுந்து போய்க் குளிசையை எடுத்துக்கொண்டு வந்து, என் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து விழுங்கினாள்.

"இப்ப எழுதுங்கோ" என்றாள்.